பிடிக்காதவர்களைப் பார்க்கப் போனவர்

“எனக்கு அந்தாளப் பிடிக்கல. கிட்டப் போய்ப் பாத்துட்டு வாரேன்.”

இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய வேறொருவரை நான் இன்றுவரை சந்திக்கவில்லை. நம் எல்லோருக்கும் முதல் வாக்கியத்தோடு காரியம் முடிந்துவிடும். பிடிக்கவில்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம், குறுக்குப் பாதையில் இறங்கிவிடுவோம். அவருக்கு அங்கேதான் தொடங்கும். பிடிக்காத மனிதர் எதிரே வந்தால் அவருடைய நடை வேகமாகும். தலை ஒரு பக்கம் சாயும். கண் சுருங்கும். மழை வருமா வராதா என்று மலையைப் பார்ப்பதுபோல் அந்த முகத்தைப் பார்ப்பார்.

நோர்வூட் கடைவீதியிலிருந்து ஏறிப்போகும் ஒரு தேயிலைத் தோட்டம். மேட்டு லயம், ஒட்டி ஒட்டி ஒரே வரிசையாகக் கட்டிய வீடுகள். எனக்கு அடுத்த காம்பரா அவருடையது. நடுவிலிருந்த சுவர் கூரையைத் தொட மனமில்லாமல் பாதியில் நின்றுவிட்ட சுவர். அவர் அடுப்புப் புகை என் பாயில் வந்து படுக்கும். என் இருமல் அவர் உலையில் போய் விழும். கணவர் இறந்துபோயிருந்தார், ஒரே மகள், தாயும் மகளும் கொழுந்து பறித்தார்கள். நான் அப்போது கல்யாணமாகாத இளைஞன், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன், எழுதப் படிக்கத் தெரிந்ததால் தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டிக்குக் காரியதரிசி. அவரை நான் அக்கா என்றேன். லயமே அப்படித்தான் கூப்பிட்டது. பெயர் ஒன்று இருந்தது. அதை அவர் கேட்டுத் திரும்பிப் பார்த்ததை நான் கண்டதில்லை. ஆகவே இங்கும் அது வேண்டாம்.

ஒரு முறை தோட்டத்துக்குப் புதிதாக ஒரு கணக்கப்பிள்ளை வந்தார். முதல் நாள், விடியலில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அவர் வாயைத் திறந்ததுமே அக்கா என் பக்கம் திரும்பிச் சொன்னார்: “இந்தாள எனக்குப் பிடிக்கல.” அன்றிலிருந்து கொழுந்து நிறுக்கும்போதெல்லாம் அக்காதான் முன்னால் நின்றார். தராசைப் பார்க்கவில்லை. கணக்கப்பிள்ளையின் வாயைப் பார்த்தார். பெண்கள் கேலி செய்தார்கள். “என்னா அக்கா, அய்யா மொகத்துல கொழுந்து மொளைச்சிருக்கா?” அவர் கேட்டுக்கொள்ளவேயில்லை. அப்புறம் ஒருநாள், தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் குடத்தைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“தம்பி, கண்டுக்கிட்டேன். அவரு பேசறதுக்கு முன்னாடி ஒரு செருமல் செருமுறாரு பாத்தியா? எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில செத்துப்போனத வந்து சொன்னான்ல ஒரு ஆளு, அவன் இப்படித்தான் செருமிட்டுச் சொன்னான். அந்தச் செருமல்தான் எனக்கு ஆகல. இந்த மனுசன் என்னா செய்வாரு, பாவம்.”

அதற்குப் பிறகு கணக்கப்பிள்ளை செருமினால் அக்கா கண்ணை மூடிக்கொள்வார். செருமல் தாண்டிப் போனதும் திறப்பார். அவ்வளவுதான் பகை.

எல்லாமே இப்படி இளகி முடிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. கீழ்க் கிராமத்தில் ஒரு சிங்கள வீடு. அங்கே காய்ச்சுகிற ஒரு கருவாட்டுக் குழம்பின் வாசனை காற்றடிக்கும் திசையைப் பொறுத்து எங்கள் லயத்துக்கு ஏறி வரும். அக்காவுக்கு அது ஆகவே ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கிப் போய் அந்த வீட்டுப் பெண்ணிடம் ஒரு சட்டி கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து சோற்றோடு பிசைந்து தின்றுவிட்டு வந்தார். “இப்ப என்னா அக்கா சொல்றீங்க?” என்றேன். யோசித்தார். “முன்னாடி சும்மா பிடிக்கல. இப்பத் தெரிஞ்சு பிடிக்கல” என்றார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

என்னையும் அவருக்குப் பிடிக்கவில்லை. அதையும் அவரே சொன்னார், சுவருக்கு மேலாக, நான் அங்கே குடிவந்த புதிதில். அப்புறம் தினமும் ஏதாவதொரு சாக்கில் வருவார். தீப்பெட்டி கேட்பார். கேட்டதை வாங்கிக்கொண்டும் போகாமல் நிற்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். சில வாரம் போன பிறகு காரணம் கிடைத்துவிட்டது. “ஒனக்குப் படிக்கத் தெரியும்ங்கறத நீ ஒரு நேரமாச்சும் மறக்கணும் தம்பி. பல்லு வெளக்குறப்பகூட ஞாபகம் வச்சிருக்க.” நான் சுருண்டு போனேன். அவரோ பிரச்சினை தீர்ந்தவர்போல வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி ஊற்றினார்.

இந்தப் பெண்ணின் கையில்தான் எங்கள் லயத்தின் ஒரே வாக்கு இருந்தது.

சுதந்திரம் வந்த கையோடு சட்டம் ஒன்று வந்து, எங்கள் மக்களை நாடில்லாதவர்களாக எழுதிவிட்டது. நாற்பத்தேழில் வரிசையில் நின்று வாக்களித்தவர்கள் அடுத்த தேர்தலுக்குள் வாக்கில்லாதவர்களானார்கள். பிரஜாவுரிமைக்கு மனுப் போடலாம் என்று பிறகு சொன்னார்கள். போட்டோம். எதை வைத்துத் தேர்ந்தார்கள் என்று தெரியாது. எங்கள் வரிசையில் அக்காவின் கணவர் போட்ட மனு மட்டும் பலித்தது, தமக்கும் மனைவிக்கும் உரிமை கிடைத்த அடுத்த மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். நாற்பத்தேழில் ஆண்கள் போனால் போதுமென்று அக்கா அடுப்படியில் இருந்துவிட்டார். இப்போது ஆண்களுக்கெல்லாம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது.

ஐம்பதுகளின் நடுவில் அந்தத் தேர்தல் வந்தது. எங்கள் தொகுதியில் பலர் நின்றாலும் மலையேறி வந்தவர்கள் இருவர்தாம். பெயரைவிடச் சின்னமே எங்களுக்குச் சுலபம். குடைக்காரர், மணிக்கூட்டுக்காரர். குடைக்காரர் சிங்களவர், பௌத்தர், பரம்பரைக் காணிக்காரர். மணிக்கூட்டுக்காரர் யாழ்ப்பாணத்துத் தமிழர், அட்டனில் வழக்குப் பேசும் பிரக்கிராசியார் வேலை, கிறிஸ்தவர். எங்கள் பேச்சில் வேதக்காரர். தமிழ் பேசுகிறவர் வேறு சாமி கும்பிடுகிறார். நம் சாமியைக் கும்பிட வருகிறவருக்குத் தமிழ் வரவில்லை. லயம் இதை வைத்துக்கொண்டு அடுப்பு அணையும்வரை பேசியது. வாக்கில்லாதவர்கள் தேர்தலைப் பற்றிப் பேசுவதுபோல் வாக்குள்ளவர்கள் பேச மாட்டார்கள்.

அப்போது ஒன்று கவனித்தேன். ஒலிபெருக்கி கட்டிய கார்கள் ரோட்டில் போகும். ‘இவரை ஆதரியுங்கள்’ என்று கத்தும். யாரும் ஒருவரை ஆதரிப்பதற்குக் காரணம் சொல்லவில்லை. மற்றவரைப் பிடிக்காததற்குத்தான் ஆளாளுக்குக் காரணம் வைத்திருந்தார்கள். சப்பாத்து, தொப்பை, கார் நிறம், பெண்சாதி வழிச் சொந்தம். எல்லாவற்றிலும் பெரிதாக, மதம். அதைச் சொன்னால் மேலே விளக்க வேண்டியதில்லை. ‘வேதக்காரன்’ என்று ஒருவர் சொன்னால் கேட்பவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

குடைக்காரர் முதலில் வந்தார். நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போனார், தேங்காய் உடைத்தார், பூசாரி கொடுத்த திருநீற்றை நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். “சாமி எல்லாம் ஒண்ணுதான். நான் ஒங்க ஆள்” என்று ஒடித்து ஒடித்துச் சொன்னார். சனம் உருகிவிட்டது. அடுத்த வாரம் மணிக்கூட்டுக்காரர். அவரையும் கோயிலுக்கே கூட்டிப்போனார்கள். செருப்பைக் கழற்றினார், கை கூப்பினார், நின்றார். பூசாரி திருநீற்றை நீட்டினார். வாங்கினார். பூசவில்லை. உள்ளங்கையில் சற்று நேரம் வைத்திருந்து, பைக்குள்ளிருந்து கைத்துடைக்கும் லேஞ்சியை எடுத்து அதில் முடிந்து சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

தப்படித்தவர்களின் கை நின்றுபோயிற்று.

“பாத்தீங்களா?” என்றார் தோட்டத் தலைவர் அன்று மாலை. சங்கத்தைக் கட்டியவர், தோட்டத் துரைக்கு முன்னால் தொப்பி கழற்றாதவர், நாங்கள் எல்லோரும் மதித்தவர். அக்காவின் வாசலில் லயமே கூடியிருந்தது. “ஆத்தா துன்னூற மூக்குச்சளி மாதிரி லேஞ்சில சுத்திக்கிட்டுப் போறான். இவனுக்கா நம்ம ஓட்டு? தங்கச்சி, குடைக்குப் போட்டுரு. தீந்துச்சு.”

“எனக்கும் அவரப் பிடிக்கலண்ணே” என்றார் அக்கா.

எல்லோரும் சந்தோஷமாக எழுந்தார்கள். நான் மட்டும் எழவில்லை. அடுத்த வாக்கியம் வரும் என்று எனக்குத் தெரியும்.

“ஆனா ஏன் பிடிக்கலன்னு போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

தலைவர் நின்றார். “அதான் கண்ணால பாத்தோமே.”

“நீங்க பாத்தீங்க. நான் கொழுந்து நிறுக்குற எடத்துல நின்னேன், சொல்லித்தான் தெரியும். சொல்லக் கேட்டே பிடிக்காமப் போயிருச்சு. அதான் என்னான்னு இருக்கு.”

“ஒன் இஷ்டத்துக்குச் செய்யறதுக்கு அது ஒன் ஓட்டு இல்ல, தங்கச்சி.” தலைவரின் குரல் தணிந்திருந்தது, அதனால் கனமாகவும் இருந்தது. “இந்த லயத்து ஓட்டு. எங்க எல்லாருக்கும் சேத்து ஒண்ணு. மாறிப் போட்டேன்னா வார திருநாளுக்குக் கரகம் ஒன் வாசல்ல நிக்காது.”

இதை விளங்கிக்கொள்ள எங்கள் திருநாளை அறிந்திருக்க வேண்டும். அம்மன் கரகம் லயம் லயமாக வரும். வாசலுக்கு வாசல் நிற்கும். வீட்டுக்காரர்கள் கரகம் தூக்கியவரின் காலுக்கு மஞ்சள்தண்ணீர் ஊற்றுவார்கள். ஒரு வாசலைக் கரகம் தாண்டிப் போனால் அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அக்காவின் மகளுக்கு டயகமவில் மாப்பிள்ளை பார்த்துப் பேச்சு பாதியில் நின்றிருந்த நேரம். உள்ளே, சுவருக்கு அந்தப் பக்கம், அந்தப் பெண் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

அந்த ஞாயிறு நானும் அக்காவும் அட்டனுக்குப் பஸ் ஏறினோம்.

மணிக்கூட்டுக்காரர் பூசை முடிந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் விறாந்தையில் இருந்தார். வாக்குள்ள தோட்டத்துப் பெண் என்றதும் எழுந்து நாற்காலி போட்டார். “இருங்கோ அம்மா. என்ன விஷயம், சொல்லுங்கோ.” அக்கா உட்காரவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எடுத்த எடுப்பில் கேட்டார்.

“அன்னைக்கு எங்க துன்னூற லேஞ்சில கட்டிக்கிட்டுப் போனீங்களே, என்னா செஞ்சீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“பூசியிருந்தா, ‘வோட்டுக்காகப் பூசுறான்’ எண்டுதான் சொல்லுவியள். அதுவும் உண்மையாத்தான் இருக்கும். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. கீழ கொட்டவும் மனம் வரேல்லை, நீங்கள் மரியாதையாத் தந்தது. என்ன செய்யிறதெண்டு தெரியாமத்தான் முடிஞ்சு வச்சனான்.”

“இப்ப எங்க?”

அவர் முகம் சிவந்தது. “மனிசி லேஞ்சியோட சேத்துத் தோய்ச்சுப்போட்டா.”

அக்கா சிரித்துவிட்டார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தியும் அடங்கவில்லை. அவரும் சிரித்தார். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நான் படியிறங்கத் திரும்பினேன். அக்கா நகரவில்லை. சிரிப்பு அடங்கிய முகத்தில் அந்தச் சுருங்கிய கண் மறுபடி வந்திருந்தது.

“ஒண்ணு கேக்கறேன். எங்க லயத்துல எனக்கு மட்டுந்தான் ஓட்டு. மத்தவங்களுக்கு ஏன் இல்ல?”

அவர் சொன்னார். நன்றாகவே சொன்னார். சட்டம், திருத்தம், வழக்கு, மேன்முறையீடு. விறாந்தையில் வெயில் எங்கள் கால்வரை வந்துவிட்டது. அக்கா கடைசிவரை கேட்டார். பிறகு கும்பிட்டுவிட்டு இறங்கினார். பஸ்ஸில் என்னிடம், “துன்னூறு இல்ல தம்பி” என்று மட்டும் சொன்னார்.

அன்றே, வரும் வழியில் இறங்கி, குடைக்காரரைப் பார்க்க ஊருக்குள் அவர் வளவு வீட்டுக்குப் போனோம். எனக்கு உள்ளூர ஓர் ஆசை இருந்தது, ஒளிப்பானேன். அந்த நெற்றியில் பூசிய திருநீறு வேஷம் என்று கையும் களவுமாகப் பிடிபட வேண்டும், நாங்கள் லயத்துக்கு ஒரு நல்ல கதையோடு திரும்ப வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. அவருடைய சாரதி எங்களோடு பேசிக்கொண்டிருந்தார். மாத்தயா, அதாவது அவருடைய ஐயா, வருஷந்தவறாமல் கதிர்காமத்து முருகனைக் கும்பிடப் போகிறவர். மகனுக்கு வலிப்பு வந்தபோது நேர்ந்துகொண்ட நேர்த்தி, தேர்தல் என்ற பேச்சே இல்லாத காலத்திலிருந்து. மனிதர் மெய்யாகவே கும்பிடுகிறவர்தாம்.

அக்கா அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அவர் அக்காவின் தோளைத் தட்டாத குறையாகக் குனிந்து, “ஹரி ஹரி, சரி சரி, எல்லாம் பாக்கலாம் அம்மா. ஒங்களுக்கு ஓட்டு இருக்குதானே?” என்றார்.

திரும்பி ஏறும்போது தேயிலைச் சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒற்றையடிப் பாதை. முன்னால் அவர், பின்னால் நான். திடீரென்று நின்றார்.

“கண்டுக்கிட்டேன் தம்பி. குடைக்காரரு கோயிலுக்கு வந்தன்னைக்கு நானும் நின்னேன். தேங்கா ஒடைச்சாரு, துன்னூறு பூசினாரு, நல்லாத்தான் இருந்துச்சு. பெறகு தலைவருகிட்டத் திரும்பி, ‘ஓட்டு இருக்கற அம்மா யாரு?’ன்னாரு. கைய நீட்டிக் காட்டினாங்க. அத்தன சனத்தையும் வெலக்கிக்கிட்டு எங்கிட்ட வந்து கும்பிட்டாரு. நடுவுல நின்னவங்கள ஒதுக்கினாரு பாரு, பொதர ஒதுக்குற மாதிரி. அன்னைக்கே என்னமோ உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு. இன்னைக்கு அந்த வேதக்காரரு எனக்கு மட்டும் நாக்காலி போட்டாரு. நீ நின்னுக்கிட்டே இருந்த. ஒன்னையப் பாக்கவே இல்ல.”

உண்மைதான். எனக்கு அது உறைக்கவேயில்லை. நின்று பழகியிருந்தேன்.

“சாமி வேறங்கறதால பிடிக்கலன்னு நெனச்சோம். ரெண்டு பேருக்கும் சாமி வேற வேற. இது ஒண்ணா இருக்கு” என்றார். கொஞ்ச தூரம் நடந்தபின், தமக்குத் தாமே போல, “ஆனா ஒருத்தருக்குப் போட்டுத்தானே ஆகணும்” என்றார்.

தேர்தல் நாளிலும் பெரட்டுக்குத் தப்படித்தார்கள். வாக்கில்லாதவர்களுக்கு அது வேலை நாள். ஆனாலும் விடியலிலேயே லயம் எழுந்துவிட்டது. அக்காவின் தலையைத் தலைவரின் மனைவி வாரிவிட்டார். யாரோ கம்பளி கொடுத்தார்கள், யாரோ செருப்புக் கொடுத்தார்கள். செருப்பு பெரிது, கையில் எடுத்துக்கொண்டார். மலைக்கும் கடைவீதிக்கும் பாதை பிரிகிற இடம்வரை கூடையும் இடுப்பில் கட்டிய படங்குமாக எல்லோரும் கூடப் போனோம். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதுபோல இருந்தது. அங்கே பிரிந்து நாங்கள் மேலே ஏறினோம், அவர் கீழே இறங்கினார். கவ்வாத்துக் கத்தியோடு நான் நிமிரும்போதெல்லாம் அந்த வெள்ளைச் சேலை தெரிந்தது, வளைவில் மறைந்து, மறுபடி தெரிந்து, சிறுத்துச் சிறுத்து. மலையில் அன்று யாரும் பாடவில்லை. எல்லோரும் நிமிர்ந்து நிமிர்ந்து அதையே பார்த்தார்கள்.

சாயங்காலம் திரும்பினார். லயம் வாசலில் நின்றது.

“யாருக்குப் போட்ட?” என்றார் தலைவர்.

“போட்டேன்.”

“யாருக்குன்னு கேக்கறேன்.”

“சொல்ல மாட்டேண்ணே.”

முதலில் சிரித்தார்கள். பிறகு சத்தம் ஏறியது. “ரகசியமாம்ல!” என்றாள் ஒருத்தி. “தொரைச்சாணி ஆயிட்டாங்க” என்றாள் இன்னொருத்தி. “வேதக்காரனுக்குத்தான் போட்டிருக்கா, அதான் வாயத் தொறக்கல” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். களைத்திருந்தார், கால் முழுக்கச் சேறு.

“குடைன்னு சொன்னா, சாமி கும்பிட்டதுக்காகப் போட்டேன்னு சந்தோசப்படுவீங்க. மணிக்கூடுன்னு சொன்னா, நம்ம சாமிய விட்டுட்டேன்னு ஏசுவீங்க. ரெண்டும் எங் காரணம் இல்ல. போட்டதச் சொன்னா காரணத்த நீங்க வச்சிருவீங்க. அதான் சொல்லல.”

எனக்கு விளங்கியது. வேறு யாருக்கும் விளங்கவில்லை, அல்லது விளங்கியதால்தான் கோபம் வந்ததோ என்னவோ. தலைவர் உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து பீலியடியில் அக்கா வந்தால் குடங்கள் நகர்ந்தன. டயகமவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ‘திருநாள் முடியட்டும், பாக்கலாம்’ என்று சொல்லி அனுப்பினார்கள். மகள் தாயிடம் பேசுவதைக் குறைத்தாள். இரவு சுவருக்கு மேலாக எனக்குக் கேட்டது மூக்கை உறிஞ்சும் சத்தம். யாருடையது என்று தெரியவில்லை.

திருநாள் வந்தது.

அக்கா விடியற்காலையில் வாசலைச் சாணி தெளித்து மெழுகினார். கோலம் போட்டார். வேப்பிலை செருகிய குடத்தில் மஞ்சள்தண்ணீர் கலக்கி வைத்துக்கொண்டு மகளோடு வாசலில் நின்றார். தப்புச் சத்தம் லயத்தின் முதல் தொங்கலிலிருந்து வீடு வீடாக நெருங்கியது. என் வாசலில் கரகம் நின்றது; ஊற்றினேன். அடுத்தது அவர் வாசல். கரகம் தூக்கியவர் தயங்கினார். தலைவர் தலையை மட்டும் அசைத்தார். கரகம் தாண்டிப் போயிற்று. மகள் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா குடத்தை இடுப்பில் வைத்தார். கூட்டத்துக்குப் பின்னால் நடந்தார். யாரும் தடுக்கவில்லை, அவர் என்ன செய்யப்போகிறார் என்று யாருக்கும் தெரியாததால். வரிசையின் கடைசி வாசல் தலைவருடையது. கரகம் அங்கே வந்து நின்றபோது, தலைவரின் மனைவிக்குப் பக்கத்தில், அதே வாசற்படியில், குடத்தோடு அக்காவும் நின்றார்.

தப்பு நின்றது.

“இங்க ஏன் வந்த?” என்றார் தலைவர்.

“ஒங்களுக்கு என்னையப் பிடிக்கலண்ணே. தூரமா நின்னா ஏன்னு தெரியாது. அதான் கிட்ட வந்தேன்.” தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கண் சுருங்கியது. “வேதக்காரருக்குப் போட்டிருப்பேன்னா கோவம்? நான் போட்டது ஒங்களுக்குத் தெரியாதே. தெரியாத ஒண்ணுக்கு இம்புட்டுக் கோவம் வராது. இது வேற.”

கரகத்தின் பூ நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த நான் தலைவரின் முகத்தைப் பார்த்தேன். துரையின் முன்னால்கூட அசையாத முகம், என்னவோ ஆகிக்கொண்டிருந்தது.

“நாப்பத்தேழுல எனக்கும் இருந்துச்சு” என்றார் கடைசியில். கூட்டத்துக்குச் சொல்லவில்லை, அக்காவுக்கு மட்டும் சொன்னார். “போனேன். வரிசைல நின்னேன். மழை. பின்னாடி ஆளுங்க தள்ளினாங்க. உள்ள போய்ப் போட்டுட்டு ஓடி வந்துட்டேன். ஒண்ணையும் சரியாப் பாக்கல தங்கச்சி. அடுத்த தடவ பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்.”

யாரோ ஒரு பெண் விம்மினாள். அக்கா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிப் படியில் வைத்தார்.

“யாருக்குன்னு நீ சொல்ல வேணாம்” என்றார் தலைவர். “உள்ள எப்படி இருந்துச்சுன்னு சொல்லு.”

அக்கா யோசித்தார். பொய் கலக்காமல் சொல்ல வேண்டும் என்பதுபோல மெதுவாகச் சொன்னார். “ஒரு மூல. சாக்கு தொங்குது. அதுக்குள்ள ஒரு மேச. ஒரு காலு கட்ட, கை வச்சா ஆடுது. பென்சில நூல்ல கட்டி வச்சிருக்காங்க. நுனி மழுங்கிப்போச்சு, அழுத்தித்தான் எழுதணும்.”

“ம்.”

“வேற யாருமே இல்லண்ணே. கங்காணி இல்ல, கணக்கப்புள்ள இல்ல, இந்தத் தம்பியோட இருமல்கூட இல்ல. நான் பொறந்ததுல இருந்து அப்படி ஒரு எடத்துல தனியா நின்னதில்ல. பயமாத்தான் இருந்துச்சு. வெளிய வர மனசும் வரல.”

கரகம் தூக்கியவரின் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. “அக்கா, ஊத்துறதா இருந்தா ஊத்துங்க. தலை கழண்டு விழுந்துரும் போல இருக்கு” என்றார். கூட்டத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வெடித்தன. தலைவரின் மனைவிதான் குடத்தை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா ஊற்றினார். தப்பு தொடங்கியது. கரகம் திரும்பி, வந்த வழியே, அந்தப் பெண் சரிந்து உட்கார்ந்திருந்த வாசலை நோக்கிப் போனது. யார் சொல்லித் திரும்பியது என்று நான் பார்க்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தது தலைவரை. கரகத்தோடு போகவேண்டியவர் போகவில்லை. ஈரப் படியில் அக்காவுக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டார்.

“சாக்குன்னியே, அது என்னா, தேயிலச் சாக்கா?” என்று கேட்டார்.